சாயம் போகாதுங்க

தெய்வாத்தாள் ஒளிந்துகொண்டு பழம் தின்கிறாள் என்று சொல்கிறவர்கள், அவள் தின்று ஒரு நாளும் பார்த்திருக்கமாட்டார்கள். ஒளிகிற உடம்பா அது? பொழுது சாய்கிற நேரத்துக்கு வாசல் நடுவில் கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டு உட்காருவாள். கட்டில் முனகுகிற முனகலிலேயே பெரியநாயக்கன்பாளையத்தில் பாதித் தெருவுக்குத் தெரிந்துவிடும். மடியிலிருந்து ஒரு கொய்யாவை எடுப்பாள். முந்தானையில் துடைப்பாள். தோலோடு ஒரு கடி கடித்து, கண்ணை மூடிக்கொண்டு, மாடு அசைபோடுகிற நிதானத்தில் மெல்லுவாள். மேட்டுப்பாளையம் ரோட்டில் போகிற வண்டிக்காரன் யாராவது, "என்னங்கம்மா, பலகாரமுங்களா?" என்று கேட்டால், "மருந்துங்க" என்று வாய் நிறையப் பதில் சொல்லுவாள். இதற்குப் பெயர் ஒளிந்து தின்பதா?

சர்க்கரை வியாதிக்காரி இனிப்பான பழத்தைத் தொடலாமா என்பது அடுத்த வீட்டு முத்தாத்தாளின் கேள்வி. கேள்வி கேட்பதில் தப்பில்லை. அதைத் தெய்வாத்தாளிடம் கேட்காமல் கிணற்றடியில் கேட்டாள், சந்தையில் கேட்டாள், பஸ்ஸுக்கு நின்றவர்களிடம் கேட்டாள். அதுதான் தப்பு. "இந்த வாய்க்கு அந்தக் காலுப் புண்ணு ஆறுமுங்களா?" என்று அவள் கேட்டதைக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் தெய்வாத்தாளிடமே சொன்னார்கள். அவள் கோபப்படவில்லை. "என்னைய தின்னிப்பண்டாரம்னு சொல்லட்டும், அது நெசந்தானுங்க. பொய் சொல்றான்னு சொல்லக்கூடாது" என்றாள்.

அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. தெய்வாத்தாளின் பிழைப்பே அவள் வாய்ச்சொல்தான்.

கருமத்தம்பட்டிப் பக்கத்துத் தறிக்காரர்களிடம் சேலை எடுத்து, பழைய வேட்டியில் மூட்டையாகக் கட்டி, தலைமேல் வைத்துக்கொண்டு தோட்டம் தோட்டமாகப் போய் விற்கிறவள் அவள். கோயமுத்தூர்க் கடைவீதியைக் கண்ணால் பார்க்காத பெண்களுக்கெல்லாம் தெய்வாத்தாள்தான் கடைவீதி. மூட்டையைப் பிரித்ததும் விலை சொல்லமாட்டாள். முதலில் சாயத்தைச் சொல்லுவாள். "இது போகாதுங்க. கட்டிக் கிழியிற வரைக்கும் இப்படியே இருக்கும்" என்பாள் ஒன்றை எடுத்துப் போட்டு. இன்னொன்றை எடுத்து, "இது மொதத் தண்ணியில கொஞ்சம் அழும், உப்புப் போட்டு அலசிப்போடுங்க" என்பாள். மூன்றாவதாகக் கண்ணைப் பறிக்கிற ஒன்றை யாராவது கையில் எடுத்துவிட்டால், "அது போகுமுங்க அம்மணி, வேண்டாம். உங்க நாத்தனாருக்கு வேணும்னா எடுத்துக் குடுங்க" என்று சிரிக்காமல் சொல்லுவாள். போகும் என்றால் போகும். போகாது என்றால் போகாது. சாயம் போய்விட்டது என்று ஒரு சேலை அவளிடம் திரும்பி வந்ததில்லை.

நடந்தே பிழைக்கிறவள் எப்படி இப்படிப் பெருத்தாள் என்று ஊர் கேட்கும். நடந்ததால்தான் பெருத்தாள். வெயிலில் வந்தவளை ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்புகிற வீடு இந்தச் சீமையில் எது? முதல் தோட்டத்தில் காப்பி. அடுத்த தோட்டத்தில் காப்பியும் பணியாரமும். அதற்கடுத்ததில் கல்யாணம் முடிந்து மிச்சமிருந்த, பருப்பும் வெல்லமும் வைத்துத் தட்டிய ஒப்புட்டு, நெய் ஊற்றி. வேண்டாம் என்று சொன்னால் அந்த வீட்டையே வேண்டாம் என்று சொன்ன மாதிரி. ஆகவே அவள் சொன்னதில்லை. சொல்ல ஆசைப்பட்டதும் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிட வேண்டும். வருஷத்துக்கு வருஷம் மூட்டையும் பெருத்தது, மூட்டையைச் சுமந்தவளும் பெருத்தாள். கல்யாணத்தில் போட்ட வெள்ளிக்காப்பு முழங்கைக்குக் கீழே சதைக்குள் புதைந்து, காப்பு எது கை எது என்று தெரியாமல் ஆகிவிட்டது. வீட்டு நிலைவாசலில் மூட்டையோடு நேராக நுழைய முடியாது. பக்கவாட்டில் திரும்பித்தான் நுழைவாள், நண்டு வளைக்குள் போவதுபோல.

புருஷன் சுப்பண்ணன் ஒல்லி ஆள். பருத்திக் கிட்டங்கியில் பொதி நிறுக்கிறவர். ஒரு நாளைக்குப் பேச வேண்டிய பேச்சையெல்லாம் தராசு முன்னால் பேசி முடித்துவிட்டு வீட்டுக்கு வருகிறவர்.

தைப் பொங்கல் நோம்பி முடிந்து, புதுச் செருப்பு ஒன்று கடித்தது. காலில் பெருவிரலை ஒட்டி, மொச்சைக்கொட்டை அளவுக்கு ஒரு புண். மஞ்சள் வைத்தாள், வேப்பிலை வைத்தாள். ஆறவில்லை. மாசி போயிற்று, புண் மட்டும் போகவில்லை. விரல் கறுக்கத் தொடங்கியதும் சுப்பண்ணன் கிட்டங்கிக்கு லீவு சொல்லிவிட்டு, ரோட்டு மேலே புதிதாக டிஸ்பென்சரி வைத்திருந்த டாக்டரிடம் அவளை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோனார்.

டாக்டர் வைத்தியலிங்கம் கும்பகோணத்துக்காரர். சின்ன வயசு, நல்ல மனசு, இந்தப் பக்கத்துப் பேச்சு பழகாத காது. புண்ணைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், சிறுநீர் எடுத்து வரச் சொன்னார். கண்ணாடிக் குழாயில் நீலமாக ஒரு மருந்துத் தண்ணீர் ஊற்றி, அதில் இவள் கொடுத்ததில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். நீலம் கொதித்தது, கலங்கியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் பொடி கரைத்ததுபோல ஆகிவிட்டது. தெய்வாத்தாளுக்கு வியாதி மறந்துபோய்விட்டது. குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "நல்ல நீலத்தைக் கெடுத்துப்போட்டீங்களே. இந்தக் கலர்ல சேல எடுத்தா ஒருத்தியும் கட்டமாட்டாளுங்க" என்றாள்.

கெடுத்தது நீங்கள்தான் அம்மா, என்று டாக்டர் விளக்கினார். உடம்பில் சர்க்கரை இருந்தால் நீலம் மாறும். நிறையச் சர்க்கரை என்றால் செங்கல். கொஞ்சம் குறைந்தால் மஞ்சள், இன்னும் குறைந்தால் பச்சை. நீலம் நீலமாகவே நின்றால்தான் இந்தப் புண் ஆறும். ஆறாவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், விரலோடு நிற்குமா என்று சொல்ல முடியாது. இனி அரிசிச் சோற்றைக் குறைக்க வேண்டும், கம்பும் கொள்ளும் கீரையும் சாப்பிட வேண்டும், உடம்பு இளைக்க வேண்டும், சர்க்கரையைக் கண்ணால்கூடப் பார்க்கக்கூடாது. வாய் ரொம்பக் கேட்டால் ஒரு பழம் சாப்பிடலாம்.

தெய்வாத்தாள் கால் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கடை, கல்லாப்பெட்டி, வண்டி எல்லாம் அந்தக் கால்தான். "செஞ்சுபோடறனுங்க" என்றாள். அவள் சொன்னால் சொன்னதுதான்.

எடை பார்க்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லியிருந்தார். அவரிடமிருந்த மிஷினில் இவள் ஏறினால் முள் கடைசிக்குப் போய் முட்டிக்கொண்டு நின்றது. ஆட்கள் எல்லாம் போன பிறகு சுப்பண்ணன் கிட்டங்கித் தராசில் அவளை உட்காரவைத்து நிறுத்தார். எவ்வளவு என்று ஊரே கேட்டது. "அது கிட்டங்கி விசயமுங்க" என்று முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் தெய்வாத்தாள் சக்கரைப் பானையையும் வெல்ல மூட்டையையும் எடுத்து முத்தாத்தாளிடம் கொடுத்துவிட்டாள். அன்றிலிருந்து சக்கரை தொட்டதில்லை. பணியாரம் இல்லை, ஒப்புட்டு இல்லை. போகிற வீடுகளில், "எனக்குச் சக்கரை ஆகாதுங்க, டாக்டரு கட்டுப் போட்டிருக்காரு" என்று முதலிலேயே சொல்லிவிடுவாள். நொண்டி நொண்டி நடந்து போனவள் இவ்வளவு கட்டுப்பாடாக இருந்தும், அடுத்த முறை குழாய் செங்கல். அதற்கடுத்த முறையும் செங்கல்.

டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. நீங்கள் எதையோ மறைக்கிறீர்கள் என்றார்.

அந்தச் சொல் அவளைச் சுட்டுவிட்டது. "ஏனுங்க டாக்டரே, நான் வித்த சேலையக் கட்டியிருக்கிற பொம்பளைங்க இந்த ரோடு பூராவும் இருக்கறாங்க. தெய்வாத்தா பொய் சொன்னான்னு ஒருத்தி சொன்னாளுன்னா, இந்த விரலை நானே அரிவாமணையில வெச்சுக் குடுத்துப்போடறேன்" என்றாள். டாக்டர் குழாயைக் காட்டினார். குழாய் அவளுக்கு எதிராகச் சாட்சி சொன்னது.  இனி நடக்கவே கூடாது, வீட்டிலேயே இருக்க வேண்டும், நானே வந்து புண்ணுக்குக் கட்டுப் போடுகிறேன், சித்திரைக்குள் ஆறாவிட்டால் விரல் போகும், என்று சொல்லி அனுப்பிவிட்டார். முத்தாத்தாளின் கேள்வி ஊர் சுற்ற ஆரம்பித்தது இந்தச் சமயத்தில்தான்.

டாக்டர் வீட்டுக்கு வந்து கட்டுப் போட்ட முதல் நாள் நடந்ததைச் சொன்னால்தான் எல்லாம் விளங்கும். கட்டுப் போட்டு முடிந்ததும் சுப்பண்ணன் இரண்டு டம்ளர் காப்பி கொண்டுவந்தார். ஒன்று டாக்டருக்கு, ஒன்று தெய்வாத்தாளுக்கு. டாக்டர் ஒரு வாய் குடித்தார். பல் கூசுகிற இனிப்பு. டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அவளுடைய டம்ளரைப் பார்த்தார்.

"உங்கள் காப்பியிலும் இதேதானா?"

"அதேதானுங்க."

"சர்க்கரையை விட்டுவிட்டேன் என்றீர்களே அம்மா?"

"உட்டுப்போட்டனுங்க. இதுல ஏது சக்கரை? இது அஸ்காங்க."

டாக்டருக்கு அந்த வார்த்தை தெரியாது. சுப்பண்ணன் உள்ளே போய் டப்பாவைக் கொண்டுவந்து காட்டினார். வெள்ளை வெளேர் என்று, மணல் மணலாக. கும்பகோணத்தில் அதற்குப் பெயர் சர்க்கரை. இந்தச் சீமையிலோ சக்கரை என்றால் ஆலையில் கரும்புப் பால் காய்ச்சி, கிண்டி, உதிர்த்து எடுக்கிற பழுப்புச் சர்க்கரை. வெள்ளைக்குச் சக்கரை என்று பெயரே கிடையாது. அஸ்கா வேறு, சக்கரை வேறு. டாக்டர் சக்கரையை விடச் சொன்னார், விட்டாள். போகிற வீட்டில் எல்லாம் "சக்கரை ஆகாதுங்க, அஸ்கா போட்டுக் குடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். அவர்களும் வியாதிக்காரி என்று பாவப்பட்டு ஒரு கரண்டி கூடவே போட்டார்கள்.

டாக்டர் டப்பாவை மூடினார். எழுந்தார். எழுந்த வேகத்தில் தலையில் ஏதோ முட்டியது. அண்ணாந்து பார்த்தால் உத்தரத்தில் பூவன் வாழைத்தார் ஒன்று, கீழ்ச் சீப்புகள் பாதி காலியாகி, கொழுகொழு என்று தொங்குகிறது.

"இது?"

"நீங்க சொன்ன பழமுங்க" என்றார் சுப்பண்ணன். அன்றைக்கு அவர் பேசிய முதல் பேச்சு அது.

"நான் ஒரு பழம் என்றுதானே சொன்னேன்."

"வாய் கேக்கறப்ப ஒரு பழம்னு சொன்னீங்க. அதுக்கு அடிக்கடி கேக்குதுங்க."

"நான் சொன்னது கொய்யா, கமலா ஆரஞ்சு மாதிரிப் பழம்."

தெய்வாத்தாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். "கொய்யான்னா கொய்யாங்க, கமலான்னா கமலாங்க. பழம்னா பழந்தானுங்களே" என்றாள். இந்தச் சீமையில் வெறுமனே பழம் என்றால் அது வாழைப்பழம்தான்.

டாக்டர் கட்டிலில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தெய்வாத்தாளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்ப நான் பொய் சொல்லலைங்களே?" என்று மட்டும் கேட்டாள். இல்லை அம்மா, தப்பு என்னுடையதும்தான், நான் உங்கள் ஊர்ப் பேச்சில் கேட்டிருக்க வேண்டும் என்று அவர் சொன்ன பிறகுதான் அவள் சிரித்தாள். அவள் சிரித்தால் கட்டிலும் சேர்ந்து சிரிக்கும்.

அடுத்த தடவை டாக்டர் ஒரு பையோடு வந்தார். கொய்யா ஒன்று, மலையிலிருந்து ரயிலில் இறங்கிய கமலா ஒன்று எடுத்துக் கட்டிலில் வைத்தார். பெயர் சொல்லவில்லை, தொட்டுத் தொட்டுக் காட்டினார். இது ஆகும், இதுவும் ஆகும். ஒரு வேளைக்கு ஒன்று, உங்கள் கைப்பிடிக்குள் அடங்குகிற அளவு. பிழிந்து சாறாகக் குடிக்கக்கூடாது, கடித்து மென்று சக்கையோடு தின்ன வேண்டும். தார் இனி மாட்டுக்கு. அஸ்கா, சக்கரை, வெல்லம், கருப்பட்டி, தேன், இன்னும் எனக்குப் பெயர் தெரியாமல் இந்த ஊரில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையும் கிடையாது.

இதுவும் இனிக்குது, அதுவும் இனிக்குது, இது மட்டும் எப்படி ஆகும் என்று தெய்வாத்தாள் விடாமல் கேட்டாள். காப்பியில் போட்ட இனிப்பு உடம்பில் குதித்து இறங்குகிறது, பழத்தில் இருப்பது நாரையும் சக்கையையும் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறது, வயிறும் நிறைகிறது, அதனால் மற்றதைக் கேட்காது, ஆனாலும் அளவு மீறினால் இதுவும் கெடுதல்தான் என்றார். அவள் யோசித்தாள். "நூலுக்குள்ள ஊறுன சாயம் மாதிரிங்க. மேலாப்புல தடவுனது மொதத் தண்ணியிலயே போயிரும். ஊறுனது பதனமாத்தான் எறங்கும்" என்றாள். அதற்கப்புறம் அவளுக்கு யாரும் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று முதல்தான் வாசல் நடுவில் கட்டில், மடியில் கொய்யா. ஒளிந்து தின்கிறாள் என்று சொன்னவர்களுக்காகவே நடுவில்.

அடுத்த குழாய் மஞ்சள். "மாம்பழக் கலருங்க, கல்யாணப் பொண்ணுக்கு நல்லாருக்கும்" என்றாள். முதலில் வருத்தப்பட்ட வீடுகளில் இருந்து பெண்கள் இப்போது, இந்த வாரம் தெய்வாத்தாளுக்கு என்ன கலர் என்று கேட்டு அனுப்ப ஆரம்பித்தார்கள்.

அப்போதுதான் முத்தாத்தாள் ஒப்புட்டு கொண்டுவந்தாள். சித்திரை நோம்பி. தட்டில் அடுக்கி, மேலே நெய் மினுங்க, வாசம் தெருவைத் தாண்டியது. ஆசையாகத்தான் கொண்டுவந்தாளோ, சோதித்துப் பார்க்கத்தான் கொண்டுவந்தாளோ, அது அவளுக்கே தெரியாது. தெய்வாத்தாளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. "உள்ள வெச்சுப்போட்டுப் போ கண்ணு" என்றாள். போதாதா? தட்டு காலியாகத் திரும்பி வந்ததும், அக்கா அத்தனையையும் முழுங்கிவிட்டாள் என்று கிணற்றடியில் பேச்சு. தின்றது சுப்பண்ணன். மூன்று வேளையும் அதையே தின்று, மறுநாள் கிட்டங்கியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். தெய்வாத்தாள் அதன் வாசத்தைச் சகிக்க முடியாமல் அன்று முழுக்க வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள்.

அந்த வாரம் டாக்டர் விளக்கை ஏற்றுவதற்கு முன்னாலேயே, "அந்த ஒப்புட்டை நான் தொடலைங்க" என்று சொல்லிவைத்தாள். தின்னவில்லை என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் சக்கரையைத் தொடவில்லை என்பதும் முன்பு அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது, குழாய் வேறு சொன்னது. விளக்கில் காட்டினார் டாக்டர். நீலம் கொதித்தது, கலங்கியது, பச்சையில் நின்றது. கிளிப்பச்சை. புண்ணின் ஓரத்தில் புதுத் தோல், கொய்யாப் பிஞ்சின் உள்பக்கம்போல வெளிர் சிவப்பாக. விரல் பிழைத்துவிட்டது என்றார் டாக்டர். தெய்வாத்தாள் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டே குழாயைப் பார்த்தபடி இருந்தாள். "பாத்தீங்களா, நான் சொன்னாச் சொன்னதுதானுங்க" என்றாள் குழாயிடம்.

வைகாசி கழிந்தது. உடம்பு வற்ற ஆரம்பித்தது. ஒரு நாள் பாத்திரம் துலக்கும்போது வெள்ளிக்காப்பு தானாக மணிக்கட்டுக்கு இறங்கி வந்து டிங் என்று சட்டியில் தட்டியது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தாளாம். சுப்பண்ணன் மறுபடி தராசில் நிறுத்தார். இந்தத் தடவை எவ்வளவு என்று சொல்ல அவருக்கு ஆசை, ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை. டாக்டரிடமே ஒரு நாள் வலியப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

ஆனிக் கடைசியில் நீலம் நீலமாகவே நின்றது. தெய்வாத்தாள் குழாயைக் கீழே வைக்கவே இல்லை. "இது போகுமுங்களா, போகாதுங்களா?" என்று கேட்டாள். போகும் அம்மா, வாயை விட்டால் அன்றைக்கே போகும், பார்த்துக்கொண்டால் போகாது, என்றார் அவர். இனி நடக்கலாம், நடக்க வேண்டும் என்றும் சொன்னார். இவள் சேலைக்குச் சொல்வதைப்போலவே அவர் நேராகச் சொன்னது அவளுக்குப் பிடித்துவிட்டது. தறிக்காரரிடம் சொல்லி, அந்தக் குழாய் நீலத்தில் ஒரு சேலை கேட்டு வாங்கினாள். விற்க அல்ல.

காப்பிக்கு என்ன செய்வது என்பதையும் அதற்குள் யோசித்து வைத்துவிட்டாள். எந்தத் தோட்டத்தில் கொய்யா மரம் இல்லை? "காப்பி வேண்டாமுங்க, மரத்துல ஒண்ணு பறிச்சுக் குடுங்க" என்றால் எந்த வீடும் கோவித்துக்கொள்ளாது.

ஆடி நோம்பிக்குச் சேலை கேட்டுத் தோட்டங்களில் இருந்து ஆள் வந்தபடி இருந்தது. அன்று காலையில் தெய்வாத்தாள் கம்பங்களி தின்றுவிட்டு, சுப்பண்ணன் பள்ளத்தோரத்து நாவல் மரத்தை உலுக்கிக் கொண்டுவந்த நாகப்பழத்தில் ஒரு கைப்பிடி எடுத்து, ஒவ்வொன்றாகக் கொட்டையைத் துப்பித் துப்பித் தின்றாள். நீலச் சேலையைக் கட்டினாள். கடித்த செருப்பு வேண்டாம் என்று சுப்பண்ணன் பழைய மெத்துச் செருப்பை எடுத்து வைத்திருந்தார். மூட்டையைத் தலையில் ஏற்றினாள். பழக்கத்தில் பக்கவாட்டில் திரும்பி, நிலைவாசலில் பாதி வந்தவள், நின்று, நேராகத் திரும்பி, நேராகவே வெளியே வந்தாள்.

முத்தாத்தாள் வாசல் தெளித்துக்கொண்டிருந்தாள். தெய்வாத்தாளையும் மூட்டையையும் ஏற இறங்கப் பார்த்தாள். "கெளம்பியாச்சுங்களாக்கா? டாக்டரு கொழாயில இப்ப என்ன கலருங்க?" என்று கேட்டாள்.

தெய்வாத்தாளின் இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருந்தது.  ரோட்டில் இறங்கியவள், ஒரு தரம் நின்று திரும்பி, நீலம் ஏறிக் கிடந்த நாக்கை முழுசாக வெளியே நீட்டிக் காட்டினாள்.